ஊசி முனையில் வந்தது போதுமா? கோலாலம்பூரில் மார்பகத் திசுச் சோதனையின் வரலாறு

மார்பகத்தில் தென்படும் கட்டி புற்றா அல்லவா என்பதைக் கத்தி வைக்காமல் ஊசியாலேயே அறிந்துகொள்ளும் முறை, உலக மருத்துவ வரலாற்றில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயதுடையது. கோலாலம்பூரிலும் அதனைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் வயது இன்னும் குறைவு. இம்முறையில் இரு வகை உண்டு. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சின் உறிஞ்சலால் உயிரணுக்களை மட்டும் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பது ஒன்று, மருத்துவமனைகளில் எஃப்.என்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுவே. தடித்த ஊசியால் திசுவையே மெல்லிய இழையாக வெட்டி எடுப்பது மற்றொன்று. அதற்குக் கோர் பயாப்ஸி என்று பெயர். எந்த வகையானாலும், நோய் என்ன என்று சொல்வதற்கு முன்பாக நோயியலாளர் வேறொரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: தம் கைக்கு வந்த மாதிரி தீர்ப்புச் சொல்லப் போதுமானதா? இந்தப் போதுமையை எவ்வாறு அளப்பது என்பதில் நடந்த விவாதம் ஊசியின் வரலாற்றைவிடச் சுவையானது. தகட்டில் எண்ணிப் பார்க்கும் தொகையாகத் தொடங்கிய அளவுகோல், ஊசி போட்டவர், படம் எடுத்தவர், தகட்டைப் படித்தவர் ஆகிய மூவரின் கூட்டுப் பொறுப்பாக எவ்வாறு மாறியது என்பதே அதன் சாரம்.

கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு துளியை நம்பி முடிவு சொல்லும் பழக்கம் இப்பள்ளத்தாக்குக்குப் புற்றுநோயோடு வரவில்லை, மலேரியாவோடு வந்தது. 1900-இல் பிரிட்டிஷ் நிர்வாகி பிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் கோலாலம்பூரில் நோயியல் ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. ஹாமில்டன் ரைட் அதன் முதல் இயக்குநர். பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்வதற்கென்றே தோன்றியது. அடுத்த ஆண்டு, 1901-இல், மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன், நகரத்திலும் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போவதைக் கண்டு, சதுப்பு நிலங்களை வடித்துப் புதர்க்காடுகளை அகற்றும் பணியை முன்னெடுத்தார். அந்தப் பணி பலன் தந்ததா என்பதை அறியக் குழந்தைகளின் ரத்தத்தைத் தகட்டில் பூசிக் கிருமியைத் தேடும் சோதனையும் உடன் நடந்தது.

ரயில் பாதையிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழர்களின் விரல் நுனி ரத்தம் அக்காலத் தகடுகளில் ஏராளமாக ஏறியது. தோட்ட மருத்துவமனைகளில் மருந்து கலக்கி, புண் கட்டி, ஊசி போட்ட உதவியாளரை மக்கள் டிரெசர் என்றே அழைத்தனர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்கள் பலவும் எழுத்தர் பணி, ரயில்வே பணி, மருத்துவத் துறையின் கீழ்நிலைப் பணி என அரசுப் பணிகளையே சார்ந்திருந்தன. மலேரியாத் தகடு இவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுண்டு. கிருமி தென்பட்டால் தகடு எவ்வளவு மோசமாக இருந்தாலும் முடிவு முடிவுதான். கிருமி தென்படவில்லை என்றால், பூச்சு சீராக இருந்ததா, சாயம் சரியாகப் பிடித்ததா, போதிய ரத்தம் பார்க்கப்பட்டதா என்று கேட்ட பின்னரே இல்லை என்ற சொல்லுக்கு மதிப்பு. கூடுதல் ரத்தத்தை ஒரே இடத்தில் தடிமனாகப் பூசிப் பார்க்கும் முறையை ரொனால்டு ராஸ் 1903-இல் வெளியிட்டதற்கும் இந்தக் கவலையே காரணம். மார்பகத் தகட்டுக்கும் பின்னாளில் இதே தர்க்கம் அப்படியே பொருந்தியது.

ஊசியால் கட்டியைக் குத்திப் பார்க்கும் எண்ணமும் வெப்பமண்டல நோய்களோடு உறவுடையது. 1904-இல் கிரெய்க், கிரே என்னும் இரு ராணுவ மருத்துவர்கள் உகாண்டாவில் உறக்க நோய்க்காரர்களின் நிணநீர்க் கணுக்களை ஊசியால் குத்தி எடுத்த நீரில் கிருமியைக் கண்டறிந்தனர். புற்றுநோய்க்கு அம்முறையை முறையாகப் பயன்படுத்தியவர்கள் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஹேஸ் மார்ட்டின், எட்வர்ட் எல்லிஸ் ஆகியோர். அவர்களுடைய கட்டுரை 1930-இல் வெளிவந்தது. அதே மருத்துவமனையின் பிரெட் ஸ்டுவர்ட் 1933-இல் அதனை விரிவாக்கினார். ஆயினும், ஊசி சென்ற வழியே புற்று பரவிவிடும் என்ற அச்சமும், முழுத் திசுவைப் பார்த்தே பழகிய நோயியலாளர்களின் ஐயமும் சேர்ந்து அம்முறையை அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்தன. அதற்கு மறுவாழ்வு கொடுத்தது சுவீடன். ஸ்டாக்ஹோமின் புற்றுநோய் மையத்தில் சிக்ஸ்டன் பிரான்சென் போன்றோர், ரத்தத் தகடுகளைப் படித்துத் தேர்ந்த கண்களோடு கட்டிகளையும் அணுகினர். ரத்தத்துக்குப் பயன்படும் கீம்சா வகைச் சாயத்தையே கட்டியின் உயிரணுக்களுக்கும் ஏற்றினர். பிரான்செனும் யோசப் சயிச்செக்கும் 1968-இல் மார்பகக் கட்டிகளில் அடுத்தடுத்துச் செய்த 3,479 ஊசிச் சோதனைகளை மதிப்பிட்டு வெளியிட்ட கட்டுரை, இத்துறையின் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது.

ஊசி வழக்கத்துக்கு வருவதற்கு முன் மார்பகக் கட்டிக்கு உலகெங்கும் இருந்த நடைமுறையை நினைவில் கொள்ளாமல் அதன் அருமையை உணர இயலாது. நோயாளி மயக்க மருந்து பெற்று அறுவை மேசையில் கிடக்கும்போதே கட்டியின் ஒரு பகுதியை வெட்டி, உறைய வைத்து, மெல்லச் சீவி நோயியலாளர் பார்ப்பார். புற்று என்று அவர் சொன்னால் அதே மயக்கத்தில் மார்பகம் முழுவதும் அகற்றப்படும். கண் விழிக்கும்போது உடலில் எது இருக்கும், எது இருக்காது என்று தெரியாமலேயே ஒரு பெண் ஒப்புதல் கையெழுத்து இட வேண்டியிருந்தது. மருத்துவத்தின் வேறு எந்தச் சோதனையும் நோயாளியின் உரிமையை இவ்வளவு எளிதாகப் பறித்ததில்லை என்றே கூறலாம். அறுவைக்கு முன்பே முடிவைச் சொல்லக்கூடிய ஊசி, நோயாளிக்கு யோசிக்கவும் குடும்பத்தாரோடு கலந்து பேசவும் மறுக்கவும் கால அவகாசம் கொடுத்தது.

கோலாலம்பூரில் இம்மாற்றம் நிகழ்வதற்கான நிறுவன அடித்தளம் 1960-களில் அமைந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் அப்பத்தாண்டின் தொடக்கத்தில் டி. ஜே. தனராஜை முதல் தலைவராகக் கொண்டு உருவாயிற்று. அதன் போதனா மருத்துவமனை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சாரைக் கடந்தால் வரும் லெம்பா பந்தாயில், 1967-இல் செயல்படத் தொடங்கியது. மருத்துவமும் நோயியலும் அறுவையும் ஒரே வளாகத்தில் அமைந்ததால், கட்டியைத் தொட்டவரும் தகட்டைப் பார்த்தவரும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டு பேச முடிந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தன் மருத்துவ மாணவர்களுக்குக் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் பயிற்சி அளித்து வந்தது. 1997-இல்தான் செராஸில் அதற்கெனத் தனி மருத்துவமனை அமைந்தது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 1985-இல் திறக்கப்பட்டது. இவற்றுள் மார்பக ஊசிச் சோதனையின் வரலாற்றை எழுத்துச் சான்றோடு தொடரக்கூடிய இடம் லெம்பா பந்தாய்.

அங்கே அறுவை மருத்துவர் யிப் செங் ஹார் மார்பக நோய்ச் சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தார். 1993 முதல் மார்பகப் புற்று நோயாளிகளின் பதிவேடு பேணப்பட்டு வருகிறது. உயிரணுச் சோதனையின் பக்கம், டில்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிவிட்டு மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்த கீதா ஜெயராம் முதன்மையானவர். இந்தியாவில் செலவு குறைந்த சோதனை என்ற காரணத்தால் எஃப்.என்.ஏ. பெரிதும் பரவியிருந்ததையும், டில்லி அதில் ஒரு முன்னணி மையமாக இருந்ததையும் கருதினால், அவருடைய வருகை கோலாலம்பூருக்கு ஒரு பயிற்சி மரபையே கொண்டுவந்தது எனலாம். ஜெயராம், அல்ஹாடி, யிப் ஆகிய மூவரும் 780 மார்பகக் கட்டிகளின் உயிரணுச் சோதனைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1996-இல் மலேசிய நோயியல் ஆய்விதழில் வெளிவந்தது. நோயியலாளரும் அறுவை மருத்துவரும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டது சிறு செய்தியாகத் தோன்றலாம். மாதிரியின் தரம் இருவருக்கும் பொதுவான பொறுப்பு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாதிரி கெடுவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு அசைவிலும் உண்டு என்பதை இச்சோதனையின் செய்முறையே காட்டும். இடக்கையின் இரு விரல்களுக்கிடையே கட்டி அசையாமல் பிடிக்கப்படும். ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி உள்ளே நுழைந்ததும், நார்க்கட்டியா, கொழுப்பா, புற்றா என்பதற்கேற்ப விரலுக்குத் தட்டுப்படும் எதிர்ப்பு மாறும்; புற்றுக்கட்டி பல வேளைகளில் மணலைக் குத்துவது போன்ற நறநறப்பைத் தரும். சிரிஞ்சின் தண்டை இழுத்துப் பிடித்தபடி ஊசியைச் சற்றே திசை மாற்றி முன்னும் பின்னும் நகர்த்தி, ஊசியின் அடிப்பகுதியில் துளி தென்பட்டவுடன் நிறுத்த வேண்டும். உறிஞ்சலைத் தளர்த்திய பிறகே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். மறந்தால் எடுத்ததெல்லாம் சிரிஞ்சுக்குள் சிதறிவிடும். பிறகு ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை நிரப்பி, மீண்டும் பொருத்தித் துளியைத் தகட்டின் மேல் தள்ளி, இன்னொரு தகட்டால் மெல்லப் பரப்புவார்கள். ஒரு தகடு நொடிகூடத் தாமதிக்காமல் 95 விழுக்காட்டு எத்தனாலில் அமிழ வேண்டும். மற்றொன்று காற்றில் உடனே உலர வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் இந்த இரண்டாவது தகடு மெதுவாக உலர்ந்து உயிரணுக்களின் உருவம் திரிவது, இங்கு வேலை செய்பவர்கள் எப்போதும் கவனத்தில் வைத்திருக்க வேண்டிய ஒன்று. பரப்பும்போது அழுத்தினால் உயிரணு நசுங்கும். ரத்தம் மிகுந்தால் அதில் கரைந்து மறையும். பாரிஸின் சஜ்டெலா 1980-களில், உறிஞ்சலே இல்லாமல் வெறும் ஊசியை மட்டும் குத்தி எடுக்கும் முறையை முன்வைத்ததும் இந்த ரத்தக் கலப்பைக் குறைக்கத்தான்.

தகடு நுண்ணோக்கியின் கீழ் வந்த பிறகு தேடப்படுபவை பால் நாளங்களை உட்புறம் போர்த்தும் உயிரணுக்களின் கூட்டங்கள். அவை தேன்கூட்டு அடுக்கில் சீராக ஒட்டியிருந்து, பின்னணியில் உறையிழந்த சிறு நீள்வட்டக் கருக்களும் சிதறிக் கிடந்தால் தீங்கற்றது என்று சொல்ல இடமுண்டு. கூட்டம் குலைந்து, கருக்கள் பெருத்து ஒழுங்கிழந்து நின்றால் ஐயம் வலுக்கும். ஆனால் கொழுப்பும் ரத்தமும் மட்டுமே கிடைத்தால்? இங்கேதான் விவாதம் தொடங்கியது. அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் குறைந்தது 6 உயிரணுக் கூட்டங்களாவது இல்லையென்றால் தகட்டை ஏற்கக்கூடாது என்றனர். 1996-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் கூட்டிய நிபுணர் மாநாடோ எந்த எண்ணையும் கட்டாயமாக்கவில்லை. ஊசி போட்டவர், தாம் தொட்ட கட்டிக்குத் தகட்டின் விடை பொருந்துகிறது என்று கருதுவதும், படிப்பவர் அதை விளக்க முடிவதும் போதுமையின் அடையாளங்கள் என்றது.

இவற்றுள் இரண்டாவது நிலைப்பாடே அறிவுக்கு ஒத்தது. எண்ணை மட்டும் நம்புவது நோயாளியை ஏமாற்றக்கூடும். ஜெயராமும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட, நுண்மடல் புற்று எனப்படும் லோபுலார் வகைப் புற்றைப் பற்றிய 21 நோயாளிகளின் ஆய்வு இதற்கு நல்ல உரைகல். அவ்வகைப் புற்றில் உயிரணுக்கள் சிறியவை. நாருக்கிடையே ஒற்றை வரிசையாகப் பரவுபவை. ஊசிக்கு எளிதில் அகப்படாதவை. அத்தகைய கட்டியில் உயிரணு குறைவாக வந்தால் அது ஊசி போட்டவரின் கைக்குறை என்று தள்ளிவிட முடியாது. குறைவாக வந்ததே ஒரு குறிப்பாகலாம். மறுபுறம், நீர்க்கட்டியை வடித்துக் கட்டி முழுவதும் மறைந்துவிட்டால் ஓர் உயிரணுகூட இல்லாத தகடும் போதுமானதே. ஐயத்துக்குரிய ஓரிரண்டு உயிரணுக்கள் தென்பட்டாலோ, எண்ணிக்கையைக் காட்டி அந்தத் தகட்டைப் போதாதது என்று ஒதுக்குவது தவறு.

பிரிட்டிஷ் மார்பகப் பரிசோதனைத் திட்டம் முடிவுகளை சி1 முதல் சி5 வரை ஐந்து படிகளாகப் பிரித்தது: சி1 போதாதது, சி2 தீங்கற்றது, சி3 பெரும்பாலும் தீங்கற்ற வேறுபாடு, சி4 ஐயத்துக்குரியது, சி5 புற்று. பிரிட்டிஷ் மருத்துவ மரபில் வளர்ந்த மலேசிய மருத்துவர்களுக்கு இக்குறியீடு பழக்கமான மொழி. 2016-இல் ஜப்பானின் யோகோஹாமாவில் கூடிய பன்னாட்டு உயிரணுவியல் மாநாட்டில் தொடங்கிய முயற்சியும் ஐந்து வகைகளையே வகுத்தது. பொதுவாக, ஒவ்வொன்றிலும் 20 உயிரணுக்களுக்குக் குறையாத 7 கூட்டங்கள் வேண்டும் என்று ஓர் எண்ணைக் கூறிவிட்டு, மேற்சொன்ன விலக்குகளையும் அது ஏற்றது. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே ஒரு தகட்டுக்கு விரைவாகச் சாயமேற்றி, வந்தது போதுமா என்று பார்த்துச் சொல்லும் வழக்கத்தையும் அது வலியுறுத்தியது. எண்ணிக்கை பற்றிய சண்டையைவிட இந்த எளிய ஏற்பாடு நோயாளிகளுக்குச் செய்த நன்மை பெரிது.

இதற்கிடையே தடித்த ஊசி முந்திக்கொண்டது. சுவீடனின் உப்சாலாவில் பேர் குன்னர் லிண்ட்கிரென் 1982-இல் அறிமுகப்படுத்திய சுருள்வில் கருவி, பொத்தானை அழுத்தியவுடன் திசுவை வெட்டி ஊசிக்குள் அடைத்துக் கொடுத்தது. அமெரிக்காவின் ஸ்டீவ் பார்க்கர் 1990-இல் அதனை மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரேயின் வழிகாட்டலோடு இணைத்தார். இங்கு மாதிரித் தரத்தின் முதல் நீதிபதி, ஊசியைச் செலுத்தும் கதிரியக்க மருத்துவர். வெண்மையாக, உறுதியாக, பார்மலின் புட்டியில் போட்டதும் அடியில் அமிழும் இழை நம்பிக்கை தரும். மஞ்சளாக மிதக்கும் இழை பெரும்பாலும் கொழுப்பு. எத்தனை இழைகள் வேண்டும் என்ற கேள்விக்கு 1994-இல் லிபர்மனும் சக ஆய்வாளர்களும் விடை கண்டனர்: சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியால் 5 இழைகள் எடுத்தால் கட்டியாக இருப்பவற்றில் 99 விழுக்காட்டிலும், சுண்ணாம்புத் துகள்களாக மட்டும் தென்படுபவற்றில் 87 விழுக்காட்டிலும் முடிவு கிடைத்தது. துகள்களில் இவ்வாறு விடை தவறக்கூடும் என்பதால், துகள்களுக்காக எடுத்த இழைகளை நோயியலாளருக்கு அனுப்புமுன் எக்ஸ்ரே எடுத்து, தேடிய துகள் உண்மையில் இழைக்குள் வந்துவிட்டதா என்று பார்ப்பது விதியாயிற்று. படத்தில் ஐயத்துக்குரியதாகத் தோன்றிய ஒன்றுக்கு இழையில் சாதாரணத் திசு என்று விடை வந்தால், அந்த விடை பிழையற்றதாக இருந்தாலும் மாதிரி தவறானது. ஊசி இலக்கைத் தவறவிட்டிருக்கிறது.

சிகிச்சை மாறியபோது போதுமை என்பதன் பொருளும் விரிந்தது. புற்று என்று மட்டும் சொன்னால் போதாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்2 ஆகிய மூன்றும் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் எந்த மருந்து என்பதை அவையே தீர்மானிக்கின்றன. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினுக்குச் செல்ல வேண்டும் என்றும், அதில் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்றும் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் 2010 முதல் கூறிவருகின்றன. நோன்புப் பெருநாளுக்கோ சீனப் புத்தாண்டுக்கோ முந்தைய நாள் மாலையில் எடுத்த இழை, நீண்ட விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடம் திறக்கும் வரை புட்டியிலேயே கிடந்தால் இந்த எல்லை எளிதில் கடந்துவிடும். அழகாக வெட்டப்பட்ட இழையும் அப்போது பாதி விடை மட்டுமே தரும். மாதிரியின் தரத்தில் விடுமுறை அட்டவணைக்கும் பங்குண்டு என்பதை நூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

மலேசியச் சுகாதார அமைச்சு மார்பகப் புற்றுக்கென 2002, 2010, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டிகள், கையால் தொட்டுப் பார்த்தல், படம், ஊசிச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து முடிவு செய்வதை அடிப்படையாக ஏற்கின்றன. மூன்றில் ஒன்று முரண்பட்டால் மீண்டும் மாதிரி எடுப்பதே இம்முறையின் உயிர்நாடி. நாட்டில் இது கடைப்பிடிக்கப்பட வேண்டிய அவசரம் பெரிது: 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்று கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தனர். கட்டி பெரிதாக இருந்தால் மாதிரி எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணுவதும் பிழை. மிகப் பெரிய கட்டியின் நடுப்பகுதி அழுகிச் செத்த திசுவாக இருப்பதுண்டு, அங்கே எத்தனை முறை ஊசி போட்டாலும் விளக்க முடியாத குப்பையே வரும். ஓரத்திலிருந்து எடுத்தால்தான் உயிருள்ள திசு கிடைக்கும்.

இன்று மார்பகக் கட்டிக்குக் கோர் பயாப்ஸியே முதன்மைச் சோதனை. அக்குள் நிணநீர்க் கணுவுக்கும் நீர்க்கட்டிக்கும் மெல்லிய ஊசி இன்னும் பயன்பட்டு வருகிறது. ஊசி எதுவானாலும், மாதிரி போதாது என்றோ சி1 என்றோ வரும் அறிக்கை புற்று இல்லை என்ற நற்செய்தி ஆகாது. அத்தகைய அறிக்கையைப் பெறும் பெண்ணும் அவர் குடும்பத்தாரும் அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடாமல், அடுத்த சோதனை எந்த நாளில், எவ்வகை ஊசியால் நடைபெறும் என்று மருத்துவரிடம் கேட்டு, நாளை உறுதிசெய்துகொண்ட பிறகே புறப்பட வேண்டும்.